நோய்ப்பரவலியலில் புள்ளியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் யாருக்கு, எவ்வளவு, ஏன் வருகிறது என்று மக்கள் கூட்டத்தை வைத்து ஆராய்வது நோய்ப்பரவலியல். பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையைப் பார்த்து விழிக்கும் இளம் மருத்துவர்கள், 'இதனால் புற்றுநோய் வரும்' என்ற தலைப்பைப் படித்துக் கலங்குபவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இவைதான். சூத்திரங்களை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

நோயைப் புரிந்துகொள்ள மருத்துவம் போதாதா? புள்ளியியல் எதற்கு?

மருத்துவர் முன் வந்து உட்காருபவர் ஏற்கெனவே நோயாளி. நோய் வராதவர் அந்த அறைக்குள் வருவதே இல்லை. 'இவருக்கு ஏன் வந்தது, அவருக்கு ஏன் வரவில்லை' என்று கேட்க வேண்டுமானால் இரண்டு பேரையும் எண்ண வேண்டும். எத்தனை பேரில் எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டு என்பதுதான் இந்தத் துறையின் முக்கால்வாசி வேலை.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பு மீது சந்தேகப்பட்டதும், அதன் கைப்பிடியைக் கழற்றவைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட அவர் தென் லண்டனில் போட்ட கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் போட்டுத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம் நகரத்துச் சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸ் நதியிலிருந்து நீர் எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852-லேயே நீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பகுதிக்கு மாற்றிவிட்டது. முதல் நிறுவனத்தின் 40,046 வீடுகளில் 1,263 காலரா மரணங்கள். இரண்டாவதன் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு என்று கணக்கிட்டால் 315-க்கு எதிரே 37.

பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரே காற்று, ஒரே தெரு, பணக்காரரும் ஏழையும் இரண்டு பக்கமும் கலந்தே இருந்தார்கள். தண்ணீர் மட்டும் வேறு. காலராக் கிருமி இன்னதென்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் முன்பே, வெறும் வகுத்தல் கணக்கு விஷயத்தை நெருங்கிவிட்டது. கவனித்துப் பாருங்கள், இதில் கடினமானது வகுத்தல் இல்லை. எந்த வீடு எந்த நிறுவனத்தின் வாடிக்கை என்று வாசல் வாசலாகப் போய் விசாரித்ததுதான் கடினம்.

புதிய நோயாளிகள் எண்ணிக்கை, மொத்த நோயாளிகள் எண்ணிக்கை இரண்டையும் ஏன் பிரிக்கிறார்கள்?

ஒரு காலத்துக்குள் புதிதாக நோய் வந்தவர்கள் நிகழ்வு வீதம். ஒரு நாளில் நோயோடு இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்தது பரவல் வீதம். நிலைமை பெரிதாக ஏறி இறங்காதபோது, பரவல் என்பது ஏறத்தாழ நிகழ்வையும் நோய் நீடிக்கும் காலத்தையும் பெருக்கியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எச்.ஐ.வி.க்கு நல்ல மருந்து வந்தபிறகு நோயாளிகள் பல ஆண்டுகள் வாழத் தொடங்கினார்கள். புதிய தொற்று குறைந்தால்கூட, தொற்றோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடலாம். 'எண்ணிக்கை ஏறிவிட்டது, திட்டம் தோல்வி' என்று எழுதுபவர் எந்த எண்ணிக்கையைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, ஆள்-ஆண்டு. ஒருவரை ஐந்து ஆண்டுகள் கண்காணித்தால் ஐந்து ஆள்-ஆண்டுகள். பாதியில் ஊர் மாறிப் போனவர் இருந்தவரைக்கும்தான் கணக்கில் சேருவார். ஆட்கள் வெவ்வேறு நாளில் சேர்ந்து வெவ்வேறு நாளில் விலகும் ஆய்வுகளில் வகுக்கும் எண் இதுதான்.

ரிலேட்டிவ் ரிஸ்க், ஆட்ஸ் ரேஷியோ இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரு குழுவின் ஆபத்து மற்றதன் ஆபத்தைப்போல எத்தனை மடங்கு என்பது ரிலேட்டிவ் ரிஸ்க். ஆட்ஸ் ரேஷியோ என்னவென்று கீழே பார்ப்போம். ஆனால் இரண்டும் சில நேரம் ஒன்றுபோல நடந்துகொள்ளும். அங்கேதான் சிக்கலே.

1950-இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையும், வேறு நோய்க்காகச் சேர்ந்தவர்களையும் விசாரித்தார்கள். ஆண்களில் மட்டும் பார்த்தால், 649 புற்றுநோயாளிகளில் புகைப்பழக்கம் இல்லாதவர்கள் 2 பேர். ஒப்பீட்டுக்கு எடுத்த 649 பேரில் 27 பேர். அவசரத்தில் பார்த்தால் 647 பேருக்கு எதிரே 622 பேர், பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். அன்றைக்கு அந்த ஊர் ஆண்கள் அநேகமாக எல்லோருமே புகைத்தார்கள் என்பதால் வரும் மயக்கம் அது.

இந்த ஆய்வில் 'புகைப்பவர்களில் எத்தனை சதவீதத்துக்குப் புற்றுநோய் வரும்' என்று கேட்கவே முடியாது. நோயாளிகள் இத்தனை பேர், மற்றவர்கள் இத்தனை பேர் என்று ஆய்வாளர்களே தீர்மானித்துவிட்டார்களே! அதனால் பக்கவாட்டில் வகுக்கிறோம். நோயாளிகளிடம் புகைப்பவர், புகைக்காதவர் விகிதம் 647-ஐ 2-ஆல் வகுத்தால் 323.5. மற்றவர்களிடம் 622-ஐ 27-ஆல் வகுத்தால் சுமார் 23. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சுமார் 14. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ.

நோய் அரிதாக இருந்தால் இந்த எண், உண்மையில் எத்தனை மடங்கு ஆபத்து என்பதற்கு மிக அருகில் வந்துவிடும் என்று 1951-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டு காட்டினார். இப்படி நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் எடுத்துப் பின்னோக்கி விசாரிக்கும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுகள் இன்றுவரை நடப்பதற்கு அந்த ஒரு வரி பெரிய காரணம். நோய் அரிதாக இல்லாவிட்டால் கதை மாறும். ஒரு குழுவில் 80%, இன்னொரு குழுவில் 60% பேருக்கு இருமல் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து 1.33 மடங்குதான். ஆட்ஸ் ரேஷியோ 2.67 என்று வரும். அதை எடுத்து 'இரண்டரை மடங்குக்கும் மேல் ஆபத்து' என்று செய்தி போட்டால் அது தவறு. ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தத் தவறு சாதாரணமாகக் கண்ணில் படுகிறது.

'ஆபத்து இரண்டு மடங்கு' என்று செய்தி வருகிறது. பயப்பட வேண்டுமா?

எதன் இரண்டு மடங்கு என்று தெரியும்வரை பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. அந்த இரண்டு மடங்கை நேரடி எண்ணிக்கையில் சொன்னால், ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும். இந்த இரண்டாவது வாக்கியம் மக்களிடம் போய்ச் சேரவில்லை. பலர் மாத்திரையை நிறுத்தினார்கள், வேண்டாத கர்ப்பங்கள் கூடின, அடுத்த ஆண்டு கருக்கலைப்புகளும் கூடின. கர்ப்பத்தில் ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் கொடுமை.

மடங்கு காரணத்தைத் தேடுபவருக்கு உதவும். கூடுதலாக எத்தனை பேர் என்பது முடிவெடுப்பவருக்கு உதவும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் கட்டுரையை நான் பாதி எழுதிய கட்டுரையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு நகரங்களின் இறப்பு வீதத்தை அப்படியே ஒப்பிடக் கூடாதா?

கூடாது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் கற்பனைதான்.

முதல் நகரத்தில் 10,000 பேர். 60 வயதுக்குக் கீழே 8,000, மேலே 2,000. ஆண்டு இறப்பு, இளையவர்களில் ஆயிரத்துக்கு 2, மூத்தவர்களில் ஆயிரத்துக்கு 40. அதாவது 16 மரணம், 80 மரணம், மொத்தம் 96. வீதம் ஆயிரத்துக்கு 9.6.

இரண்டாவது நகரத்திலும் 10,000 பேர். இளையவர்கள் 9,000, மூத்தவர்கள் 1,000. இறப்பு ஆயிரத்துக்கு 3, மூத்தவர்களில் 50. அதாவது 27, 50, மொத்தம் 77. வீதம் 7.7.

ஆக, இரண்டாவது நகரம் ஆரோக்கியமானது போலத் தெரிகிறது. ஆனால் இளையவர்களை எடுத்தாலும் சரி, மூத்தவர்களை எடுத்தாலும் சரி, அங்கேதான் அதிகம் பேர் இறக்கிறார்கள். முதல் நகரத்தின் ஒரே குற்றம் அங்கே வயதானவர்கள் அதிகம் இருப்பது. இரண்டு நகரங்களுக்கும் ஒரே வயது அமைப்பை, உதாரணமாக இளையவர் 85%, மூத்தவர் 15% என்று பொருத்தினால் வீதம் முறையே 7.7, 10.05 என்று தலைகீழாகிவிடும். இதற்குப் பெயர்தான் வயதுச் சீராக்கம். இரண்டு நாடுகளின் புற்றுநோய் வீதத்தையோ, ஒரே நாட்டின் ஐம்பது ஆண்டு இடைவெளி வீதங்களையோ ஒப்பிடும் அட்டவணையில் 'வயது சீராக்கப்பட்டது' என்ற அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அட்டவணையை மூடி வைத்துவிடலாம்.

குழப்பக் காரணி என்கிறார்களே, அது என்ன?

மேலே பார்த்த வயதுதான் குழப்பக் காரணி. நாம் சந்தேகிக்கும் காரணத்தோடும் ஒட்டியிருக்கும், நோயையும் தனியாக உண்டாக்கும். காபி குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஒரு கணக்கு வந்தால், அவர்களில் புகைப்பவர்கள் அதிகமா என்று உடனே கேட்க வேண்டும். புகைப்பவர்களைத் தனியாக, புகைக்காதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் பழைய வைத்தியம். பிரித்துக் கிடைத்த எண்களை முறையாக ஒன்றுசேர்க்க 1959-இல் மான்டல், ஹேன்ஸெல் இருவரும் கொடுத்த முறை இன்றும் பயன்படுகிறது.

காபி என்றதும் இன்னொரு சம்பவம். 1981-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, காபிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு என்றது. புகைப்பதைக் கணக்கில் எடுத்துத்தான் சொன்னார்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் அதே மருத்துவர்களிடம் வந்த மற்ற நோயாளிகள். அவர்களில் பலருக்கு வயிறு, குடல் தொல்லை. அதனாலேயே காபியைக் குறைத்துக்கொண்டவர்கள். நோயாளிகள் அதிகம் குடித்தார்கள் என்பதைவிட ஒப்பீட்டுக் குழு குறைவாகக் குடித்தது என்பதே சரியான விளக்கமாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. இது குழப்பக் காரணி இல்லை, ஆள் தேர்ந்தெடுத்ததில் வந்த சாய்வு, அதாவது முடிவை ஒரே பக்கம் இழுக்கும் பிழை. முன்னதைக் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம். பின்னதை, ஆட்களைச் சேர்த்து முடித்தபிறகு சரிசெய்வது பெரும்பாடு.

அப்படியானால் கிடைக்கிற எல்லாக் காரணிகளுக்கும் 'அட்ஜஸ்ட்' செய்துவிட்டால், அதாவது கணக்கில் சீராக்கிவிட்டால், பிரச்சினை தீர்ந்ததா?

தீராது, சில நேரம் கூடும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

புகைக்கும் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறக்கின்றன, அக்குழந்தைகளில் இறப்பும் அதிகம். இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் எடை குறைந்த குழந்தைகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால், புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் கூடுதலாகப் பிழைப்பதாக எண்கள் சொல்லும்! 1960-களிலிருந்து இந்தப் புதிர் பேசப்பட்டது. புகையிலைக்கு நல்ல குணம் எதுவும் இல்லை. புகைக்காத தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறந்தால், பிறவிக் குறைபாடு மாதிரி வேறு கடுமையான காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். புகைக்கும் தாயின் குழந்தைக்கு எடை குறைய புகையே போதும். எடை என்பது புகைப்பதன் விளைவு. விளைவை வைத்துப் பிரித்தவுடன், ஒப்பிடத் தகாத இரண்டு கூட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திவிட்டோம்.

எனவே மென்பொருளைத் திறப்பதற்கு முன், எது எதனால் வருகிறது என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள். காரணத்துக்கும் நோய்க்கும் முன்னால் இருப்பவற்றுக்குச் சீராக்கலாம். காரணத்துக்குப் பின்னால் வருபவற்றைத் தொடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவு உண்மை, அப்படித்தானே?

அப்படி இல்லை. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாமல், ஆய்வின் மற்ற அனுமானங்களும் சரியாக இருந்தால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக எத்தனை முறை தென்படும் என்பதைத்தான் பி-மதிப்பு சொல்கிறது. 'முடிவு பொய்யாக இருக்க 5% வாய்ப்பு' என்று அதற்குப் பொருள் இல்லை. 1920-களில் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வசதியான எல்லையாகச் சொன்ன 0.05, காலப்போக்கில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே இந்தத் தவறான வாசிப்புகளை எதிர்த்து ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

எதுவுமே இல்லாத இடத்தில் 20 தனித்தனிச் சோதனைகள் செய்தால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழ சுமார் 64% வாய்ப்பு உண்டு. இதை ஒரு பெரிய ஆய்வு அழகாகக் கேலி செய்தது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேர். ஆஸ்பிரின் கொடுத்ததில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாள மரணம் சுமார் 23% குறைந்தது. வயது வாரியாக, பால் வாரியாகப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தைக் காட்ட, ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல், மற்ற ராசிகளுக்கு நல்ல பலன் என்று வந்தது. ராசி என்றால் சிரிக்கிறோம். அதே எண்கள் 'நீரிழிவு உள்ளவர்கள்' என்ற பெயரில் வந்திருந்தால் நம்பியிருப்போம், விளக்கமும் கண்டுபிடித்திருப்போம்.

நம்பிக்கை இடைவெளியை எப்படிப் படிப்பது?

ஒரே எண்ணைத் தராமல் ஒரு வீச்சைத் தருவதுதான் அதன் நேர்மை. 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்ற 16,608 பெண்கள். ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இதயநோய் 1.29 மடங்கு, 95% நம்பிக்கை இடைவெளி 1.02 முதல் 1.63 வரை. அதாவது தரவோடு பொருந்தக்கூடிய உண்மை, கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லை என்பதிலிருந்து 60% அதிகம் என்பதுவரை எங்கேயும் இருக்கலாம். எண்ணிக்கையில் சொன்னால் 10,000 பெண்களுக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 7 பேர்.

அதற்கு முன் வந்த கண்காணிப்பு ஆய்வுகள் (யாருக்கு எது என்று ஆய்வாளர் தீர்மானிக்காமல், நடப்பதைப் பார்த்து மட்டும் எழுதுபவை) இந்த ஹார்மோன் இதயத்தைக் காக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஹார்மோன் வாங்கிச் சாப்பிட்டவர்கள் பொதுவாகவே வசதியானவர்கள், உடலைப் பேணுபவர்கள். எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. பல்லாயிரம் பேரைப் பார்த்த ஆய்வில் இடைவெளி மிகக் குறுகலாக வரும், ஆனால் சாய்வு அப்படியே இருக்கும். நம்பிக்கை இடைவெளி தற்செயலை மட்டும்தான் அளக்கிறது. தவறான ஒப்பீட்டை அது காட்டிக்கொடுக்காது.

ஒரு சின்ன உபாயம்: '300 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை' என்று யாராவது சொன்னால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். 3-ஐ 300-ஆல் வகுத்தால் 1%. அதாவது நூற்றில் ஒருவருக்குப் பக்கவிளைவு வரக்கூடிய மருந்தாக இருந்தாலும் இப்படிப்பட்ட முடிவு வரலாம். பூஜ்யம் என்று கண்டதற்கும் பூஜ்யம் என்று நிரூபித்ததற்கும் உள்ள தூரம் அது.

சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஆட்களைப் பிரிப்பதில் அப்படி என்ன மகிமை?

ஆய்வாளருக்குத் தெரிந்த காரணிகளோடு, அவர் கேள்வியே படாத காரணிகளையும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பிவிடுகிறது. இதைவிட மலிவான வழி இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.

1954-இல் அமெரிக்காவில் சால்க் போலியோ தடுப்பூசியைச் சோதித்தபோது இரண்டு முறைகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. சில பகுதிகளில் பெற்றோர் சம்மதித்த குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் தடுப்பூசி, ஒரு பாதிக்கு உப்புநீர் ஊசி. வேறு பகுதிகளில் சம்மதித்த இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஊசி, ஒன்றாம், மூன்றாம் வகுப்பினர் சும்மா ஒப்பீட்டுக்கு.

குலுக்கல் பகுதிகளில் போலியோ, தடுப்பூசி போட்டவர்களில் ஒரு லட்சத்துக்கு 28, உப்புநீர் போட்டவர்களில் 71. சம்மதிக்காதவர்களின் குழந்தைகளில் 46. இந்த 46-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஊசியே போடாத குழந்தைகள், உப்புநீர் போட்ட குழந்தைகளைவிட நன்றாக இருந்திருக்கிறார்கள். உப்புநீரில் தோஷம் இல்லை. சம்மதித்த குடும்பங்கள் சராசரியில் வசதியானவை. சுத்தமான சூழலில் வளர்ந்த குழந்தைகள், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் இருக்கும் கைக்குழந்தைப் பருவத்தில் கிருமியைச் சந்திக்காமல் தப்பி, பின்னால் அகப்பட்டுக்கொண்டார்கள். ஏழைக் குழந்தைகள் முன்பே லேசாகத் தொற்றி, எதிர்ப்பைப் பெற்றுவிட்டார்கள்.

இரண்டாவது முறையில் 25-க்கு எதிரே 54. சம்மதித்தவரும் சம்மதிக்காதவரும் கலந்த ஒப்பீட்டுக் குழு என்பதால் ஊசியின் பலன் குறைத்துக் காட்டப்பட்டது. முதல் முறைப்படி பாதுகாப்பு சுமார் 61%, இரண்டாவதன்படி 54%. அதே ஊசி, அதே ஆண்டு. பலன் இன்னும் சிறியதாக இருந்திருந்தால் இந்தச் சாய்வு அதை முழுதாக விழுங்கியிருக்கும்.

எந்தச் சூழலில் எந்த ரிக்ரெஷன்?

ரிக்ரெஷன் என்பது பல காரணிகளை ஒரே சமயத்தில் கணக்கில் எடுத்து, விளைவோடு அவற்றின் தொடர்பை அளக்கும் கணித முறை. அதில் பல வகை உண்டு. எதை எடுப்பது என்பதற்கு விளைவு எப்படிப்பட்டது என்று பாருங்கள். ரத்த அழுத்தம் மாதிரி அளவென்றால் லீனியர். வந்தது, வரவில்லை என்றால் லாஜிஸ்டிக். எத்தனை தடவை என்ற எண்ணிக்கையென்றால் பாய்சான், எண்கள் மிகச் சிதறிக் கிடந்தால் நெகடிவ் பைனாமியல். எப்போது வந்தது என்ற காலமென்றால் காக்ஸ். ஒரே வீட்டில் ஐந்து பேர், ஒரே பள்ளியில் ஐம்பது பேர் என்று சேர்த்திருந்தால் அவர்கள் ஒருவரையொருவர் சார்ந்தவர்கள். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் நம்பிக்கை இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும்.

ஆயுள் பகுப்பாய்வில் என்ன விசேஷம்?

ஆய்வு முடியும்போது பலர் உயிரோடு இருப்பார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களுடைய ஆயுள் என்னவென்று தெரியாது, 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டும் தெரியும். அவர்களைத் தூக்கி எறியாமல் கணக்கில் வைக்க 1958-இல் கப்லான், மேயர் தந்த படிக்கட்டு வரைபடமும், 1972-இல் டேவிட் காக்ஸ் தந்த கணித மாதிரியும்தான் (மாடல்) துணை.

காலத்தைத் தவறாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்கர் விருது ஒரு உதாரணம். விருது வாங்கிய நடிகர்கள் வாங்காதவர்களைவிட 3.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001-இல் ஒரு ஆய்வு வந்தது. 60 வயதில் விருது வாங்க வேண்டுமானால் 60 வயதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும் அல்லவா? அந்த அறுபது ஆண்டுகளை வெற்றியின் வரவில் எழுதிவிட்டார்கள். விருது வாங்கிய நாளிலிருந்து எண்ணி 2006-இல் மறுபடி கணக்கிட்டபோது வித்தியாசம் சுமார் ஓராண்டாகச் சுருங்கியது, அதுவும் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. மருந்தை நீண்டகாலம் சாப்பிட்டவர்கள் நீண்டகாலம் வாழ்ந்தார்கள் என்று வரும் பல ஆய்வுகளிலும் இதே ஓட்டை உண்டு.

95% துல்லியமான பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் 95% நோய் உறுதியா?

நோய் எவ்வளவு அரிது என்பதைப் பொறுத்தது. நோய் உள்ளவர்களில் 90% பேரைப் பிடித்து, இல்லாதவர்களில் 95% பேரைச் சரியாக விட்டுவிடும் பரிசோதனை என்று கொள்வோம். 10,000 பேரில் 100 பேருக்கு நோய். அவர்களில் 90 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 9,900 பேரில் 5%, அதாவது 495 பேருக்கும் பாசிட்டிவ். ஆக 585 பாசிட்டிவ்களில் உண்மை நோயாளி 90 பேர், சுமார் 15%. அதே பரிசோதனையை, ஐந்தில் ஒருவருக்கு நோய் இருக்கும் சிறப்பு மருத்துவமனையில் செய்தால் 82% வரும். பரிசோதனை மாறவில்லை, வரிசையில் நிற்பவர்கள் மாறினார்கள்.

முன்கூட்டியே கண்டுபிடித்ததால் நோயாளிகள் நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்ற வாதத்திலும் ஒரு பொறி உண்டு. 70 வயதில் இறக்கப் போகிறவருக்கு 67-இல் நோய் தெரிந்தால் 'ஐந்தாண்டு பிழைக்கவில்லை'. 62-இல் தெரிந்தால் 'பிழைத்தார்'. இறந்தது இரண்டிலும் 70-இல்தான். அதனால் அறிகுறி இல்லாதவர்களையும் சோதிக்கும் ஸ்க்ரீனிங் திட்டங்களை இறப்பு வீதத்தை வைத்து எடைபோட வேண்டும், பிழைத்த சதவீதத்தை வைத்து அல்ல.

மந்தை எதிர்ப்பாற்றல் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

போதுமான பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் நோய் பரவ ஆள் கிடைக்காமல் அடங்கிவிடும், அதுதான் மந்தை எதிர்ப்பாற்றல். அந்தச் சதவீதத்துக்கு, ஒரு நோயாளி, எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற எண்ணால் 1-ஐ வகுத்து, விடையை 1-லிருந்து கழிக்க வேண்டும். தட்டம்மைக்கு அந்த எண் 12 முதல் 18 என்று வழக்கமாகச் சொல்வார்கள். விடை 92 முதல் 94%. எல்லோரும் எல்லோரோடும் ஒரே மாதிரி பழகுகிறார்கள் என்ற அனுமானத்தில் வந்த எண் இது. ஊசி போடாதவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் மொத்தச் சராசரி 95% இருந்தும் அங்கே தட்டம்மை வெடிக்கும்.

எத்தனை பேரைச் சேர்த்தால் ஆய்வு போதும்?

எவ்வளவு சிறிய வித்தியாசத்தைத் தவறவிடக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள், பிறகு எண்ணிக்கை வரும். பிழை பாதியாக வேண்டுமானால் ஆட்கள் நான்கு மடங்கு வேண்டும். கையில் உள்ள பணத்துக்கு ஏற்ற எண்ணை முடிவு செய்துவிட்டு, அதற்குத் தகுந்த வித்தியாசத்தைப் பின்னாலிருந்து எழுதுவது ஊரறிந்த ரகசியம்.

தொடர்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. காரணம் என்று எப்போது சொல்லலாம்?

1965-இல் பிராட்ஃபோர்டு ஹில் ஒன்பது கோணங்களைப் பட்டியலிட்டார்: தொடர்பின் வலிமை, பல இடங்களில் திரும்ப வருதல், காரணம் முந்தி வருதல், அளவு கூடக் கூட நோய் கூடுதல் போன்றவை. மாணவர்கள் அதை மதிப்பெண் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். ஹில் அப்படிச் சொல்லவில்லை, எதுவும் கட்டாய நிபந்தனை இல்லை என்றார். ஒன்றே ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது: காரணம் நோய்க்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

புகையிலை விஷயத்தில் யாரும் மக்களைக் குலுக்கிப் போட்டுப் புகைக்கச் சொல்லவில்லை. 1951-இல் டாலும் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களையே கண்காணிக்கத் தொடங்கினார்கள், அது ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது. வெவ்வேறு குறைகள் கொண்ட வெவ்வேறு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டியபோது, அந்த எல்லாக் குறைகளும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்கின்றன என்று வாதிடுவது கடினமாகிவிட்டது.

எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது?

ஆர் இலவசம், எல்லாமே அதில் உண்டு. களப்பணியில் கேள்வித்தாள் தயாரித்து உடனே அட்டவணை பார்க்க, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இலவசமாக வெளியிட்ட எபி இன்ஃபோ உண்டு. ஸ்டேட்டா, எஸ்.ஏ.எஸ். காசுக்கு. வேலை செய்யும் இடத்தில் பக்கத்து மேசைக்காரர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள், சந்தேகம் கேட்க வசதி.

எதுவானாலும் கணித மாதிரியை ஓட்டுவதற்கு முன், தரவு அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எடுத்துப் பாருங்கள். பதில் கிடைக்காத இடத்தில் 999 என்று நிரப்பும் வழக்கம் பல படிவங்களில் உண்டு. வயது நெடுவரிசையில் நூறு பேரில் இரண்டு பேருக்கு 999 இருந்தாலே சராசரி வயது ஏறத்தாழ இருபது ஆண்டு ஏறிவிடும். மென்பொருள் அதைப் பற்றி வாயே திறக்காமல், மூன்று தசம இடம் வரை சுத்தமாக விடை கொடுக்கும்.